குளச்சலுக்குப் புறப்படும் மருமகனுக்கு



பணகுடியிலிருந்து மாமா எழுதுவது. நீ அனுப்பிய பயணத் திட்டத்தை இரண்டு தடவை படித்தேன். வள்ளியூர் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு, கடலோரத்தில் சண்டை நடந்த இடங்களையும் கோட்டைகளையும் அருங்காட்சியகங்களையும் பார்த்து வர வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய சந்தோஷம். போனில் பேசினால் நீ "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

முதலில் உன் பட்டியல். பாஞ்சாலங்குறிச்சி, கயத்தாறு, தூத்துக்குடி, மணப்பாடு, வட்டக்கோட்டை, கன்னியாகுமரி, பத்மநாபபுரம், உதயகிரி, குளச்சல் என்று ஒரே நாளில் ஒன்பது இடம் போட்டிருக்கிறாய். நானும் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்திய காலத்தில் ஒரு வருஷம் இப்படித்தான் செய்தேன். ஏழு இடம். குளச்சலுக்கு வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. டச்சுக்காரர்களை வென்றதன் நினைவாக நிற்கும் வெற்றித்தூணை டார்ச் வெளிச்சத்தில் காட்டினேன். பாதிப் பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை, தூங்கிப்போனார்கள். எந்த இடத்துக்காக அவ்வளவு தூரம் போனோமோ அந்த இடத்தை யாரும் பார்க்கவில்லை. அந்த வருத்தம் இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது. ஆகையால் முதல் பேச்சாகச் சொல்கிறேன்: ஒன்பதை நாலாக்கு. வடக்கே உள்ளவற்றை இந்தத் தடவை விட்டுவிடு. பாஞ்சாலங்குறிச்சிக்கும் கயத்தாறுக்கும் தனியாக ஒரு நாள் வேண்டும். குளச்சல், உதயகிரி, பத்மநாபபுரம், வட்டக்கோட்டை, இந்த நாலும் ஒரே கதையின் நாலு அத்தியாயங்கள். இந்த வரிசையிலேயே போ. விடியுமுன் கிளம்பி, தூரத்தில் இருக்கிற குளச்சலுக்கு முதலில் போய்விட்டு, வரும் வழியில் மற்ற மூன்றையும் பார்த்துக்கொண்டு, அஞ்சுகிராமம் வழியாக வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஆனால் பயணத்தை வள்ளியூரிலேயே தொடங்கு. சண்டை என்றால் எங்கேயோ கடற்கரையில் நடந்தது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஐவர் ராஜாக்கள் கதை என்று வில்லில் பாடுவார்களே, அது எந்த ஊர்க் கதை? நம் வள்ளியூர்க் கோட்டையில் இருந்ததாகச் சொல்லப்படும் பாண்டியச் சகோதரர்கள் ஐவரின் கதை. கன்னடியன் படை வந்து நம் ஊரைச் சூழ்ந்த கதை. நாங்குநேரி நா. வானமாமலை அதைப் பதிப்பித்து அச்சிலும் கொண்டுவந்தார். முந்தின நாள் இரவு மன்றத்தில் ஒரு வில்லிசைக் கலைஞரை அழைத்து ஒரு மணி நேரம் பாடச் சொல். மைக் செட்டு எல்லாம் வேண்டாம். வில்லும் குடமும் உடுக்கும் போதும். தங்கள் ஊர்ப் பெயர் ஒரு போர்க் கதைக்குள் வருவதைக் காதால் கேட்ட பிள்ளை, மறுநாள் இன்னோர் ஊரின் தூண் முன்னால் நிற்கும்போது வேறு மாதிரி நிற்கும்.

வேன் காவல்கிணற்றைத் தாண்டி ஆரல்வாய்மொழிக்குள் நுழையும்போது எல்லோரையும் எழுப்பிவிடு. இரண்டு பக்கமும் மலை, நடுவில் கணவாய், காற்றாலைகள். பிள்ளைகளுக்குப் பழகிப்போன இடம்தான். 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேரும் வரை நமக்கும் திருவிதாங்கூருக்கும் இதுதான் எல்லை என்பதைச் சொல். வட்டக்கோட்டைக் கடலிலிருந்து இந்த மலை வரைக்கும் திருவிதாங்கூர் அரசு ஒரு நீண்ட காவல் அரண் கட்டி வைத்திருந்தது. வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தபோது, 1809 பிப்ரவரி 10 அன்று கம்பெனிப் படை இரவோடு இரவாகத் தெற்கு மலையில் ஏறி, மேலிருந்து இறங்கி அந்த அரணைப் பிடித்தது. அந்த ஏற்றத்தை நடத்திய மேஜர் வெல்ஷ், 1801-இல் பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையிலும் இருந்தவர். பிறகு தன் ராணுவ நினைவுகளை எழுதி 1830-இல் புத்தகமாக்கினார். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையைப் பற்றி அதில் எவ்வளவு வியப்போடு எழுதியிருக்கிறார் என்பதை நீ ஒருநாள் படிக்க வேண்டும். எதிரியின் வீரத்தை எதிரியே எழுதி வைத்ததால் நமக்குக் கிடைத்த செய்திகள் அதில் நிறைய.

இனிக் குளச்சல். இதற்குத்தான் நீ அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

கதையைச் சொல்லும்போது மிளகிலிருந்து தொடங்கு. டச்சுக் கம்பெனி கொச்சியில் உட்கார்ந்துகொண்டு மலையாளக் கரையின் மிளகை வாங்கிக்கொண்டிருந்தது. 1729-இல் திருவிதாங்கூர்ப் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மர் பக்கத்துச் சிற்றரசுகளை ஒவ்வொன்றாகத் தன்னோடு சேர்த்தபோது அந்த மிளகும் அவர் கைக்குப் போயிற்று. இலங்கையில் டச்சுக் கவர்னராக இருந்த வான் இம்ஹோஃப் அதைப் பொறுக்கவில்லை. படை குளச்சலில் வந்து இறங்கியது, சுற்றிலும் இருந்த கரையூர்களைப் பிடித்துக்கொண்டு, அப்போது தலைநகராக இருந்த பத்மநாபபுரத்தை நோக்கி நகர்ந்தது. 1741-இல் மார்த்தாண்ட வர்மரின் படை அவர்களைத் திருப்பித் துரத்திக் குளச்சலுக்குள்ளேயே அடைத்துவிட்டது. தென்மேற்குப் பருவக் காற்றில் கடல் கொந்தளிக்கும் காலம் அது. ஜாவாவில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடமாக இருந்த பத்தாவியாவிலிருந்து உதவிப் படை வரும் என்று பார்த்தார்கள். 1740-இல் பத்தாவியாவில் சீனர்களைக் கொன்று குவித்ததிலிருந்து ஜாவாவிலேயே பெரிய யுத்தம் மூண்டிருந்ததால், குளச்சலுக்கு அனுப்ப அங்கே ஆள் இல்லை. உள்ளே வெடிமருந்து பற்றிக்கொண்டு அரிசி இருப்பும் எரிந்து போயிற்று. சரணடைந்தார்கள். எங்கேயோ ஜாவாவில் நடந்த கொடுமைக்கும் நம் குளச்சல் வெற்றிக்கும் இப்படி ஒரு முடிச்சு இருக்கிறது. இதைச் சொன்னால் பிள்ளைகள் கண்ணை விரித்துக் கேட்பார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

சண்டை நடந்த நாளைப் பற்றி உனக்குக் குழப்பம் வரும். சில புத்தகங்களில் ஜூலை 31, சிலவற்றில் ஆகஸ்ட் 10. இரண்டையும் சொல்லிவிடு, ஒன்றை மறைக்காதே. பனைமரத் தடிகளை மாட்டு வண்டிகளில் ஏற்றிப் பீரங்கி போலக் காட்டி டச்சுக்காரர்களை ஏமாற்றினார்கள் என்று ஒரு கதை உண்டு. அது செவிவழிக் கதை. சொல்லாமல் விட வேண்டாம், "இது சனங்கள் சொல்லுகிற கதை" என்று சொல்லியே சொல். ஆவணத்தில் இருப்பது எது, ஊர் வாயில் இருப்பது எது என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால் போதும், பயணச் செலவு முழுக்க வசூலாகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு, உனக்கு இது பிடிக்கும். அந்த டச்சுக் கம்பெனி தன் காசுகளில் பொறித்துக்கொண்ட மூன்று எழுத்துச் சுருக்கம் வி.ஓ.சி. 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்ததும் அதே கம்பெனிதான். இன்று அந்தத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு நம் வ.உ.சி.யின் பெயர். எழுத்துகள் ஒத்துப்போனது தற்செயல். ஆனாலும் அந்தத் துறைமுகத்தின் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

தூணுக்குப் பக்கத்தில் நின்று கோஷம் போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. பிள்ளைகளின் உற்சாகத்தை நான் குறை சொல்லவில்லை. குளச்சல் கரைக்கு 1741 மட்டும்தான் நினைவு என்று எண்ணாதே. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்து அந்தக் கரையில் எத்தனை வீடுகளை வெறுமையாக்கிப் போயிற்று! இருநூற்றெண்பது வருஷத்துக்கு முந்தின சண்டையைப் பார்க்க வந்த நாம், இருபது வருஷத்துக்கு முந்தின சாவு வீட்டு வாசலில் கூச்சல் போடக் கூடாது. காலையில் வள்ளங்கள் திரும்பும் நேரத்தில் போனால், வலை உதறும் பெரியவர்களிடம் இரண்டு பேர் போய்ப் பேசலாம். தூணைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றில்லை, கடலைப் பற்றிக் கேட்டாலே போதும். பருவக் காற்றில் ஏன் கப்பல் ஒதுங்க முடியாது என்பதை அவர்கள் சொல்கிற மாதிரி எந்த வாத்தியாரும் சொல்ல முடியாது. கடலில் இறங்கிக் குளிக்க யாரையும் விடாதே. இதில் மட்டும் இளக்காரமே கூடாது.

அடுத்து உதயகிரி. தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் சாலை ஓரத்திலேயே இருக்கிறது. வனத்துறை அதைப் பல்லுயிர்ப் பூங்காவாக வைத்திருப்பதால் பிள்ளைகள் மானையும் பறவைக் கூண்டையும் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவார்கள். நீ அவர்களை உள்ளே, இடிந்து கிடக்கும் சிற்றாலயத்துக்குக் கூட்டிப் போ. அங்கேதான் டிலனாய் கல்லறை. குளச்சலில் பிடிபட்ட அந்த டச்சுப் படைக்காரரைத்தான் மார்த்தாண்ட வர்மர் தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். பின்னால் அவர் "வலிய கப்பித்தான்" ஆகி, 1777-இல் இங்கேயே இறந்தார். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறது. அந்தத் தமிழைப் பிள்ளைகளே எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். நீ படித்துக் காட்டாதே. சிரமப்படட்டும்.

பக்கத்தில் அவர் மகனும் அடங்கியிருக்கிறான். ஒரே மகன், யோவான். 1765-இல் களக்காட்டுச் சண்டையில் அடிபட்டு இறந்தவன். களக்காடு நமக்கு எவ்வளவு தூரம்? உன் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருப்பார்கள். வாழைத்தார் ஏற்றுகிற அந்த ஊரில், இருபது வயதைத் தாண்டாத ஒரு பையன், தன் தகப்பனைச் சிறைபிடித்த அரசுக்காகச் சண்டை போட்டுச் செத்திருக்கிறான். அவன் எந்தப் பக்கம்? டச்சா, திருவிதாங்கூரா, நம் பக்கமா, எதிர்ப்பக்கமா? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. உன் குழுவில் எல்லோருக்கும் அவன் வயதுதான். பயணம் முழுவதிலும் நீ ஒரே ஓர் இடத்தில்தான் நிற்க முடியும் என்றால் இந்தக் கல்லின் முன்னால் நில் என்று சொல்வேன்.

டிலனாயோடு பழகிய ஒருவர் நம் பக்கத்து ஊருக்கு வந்ததையும் சொல். அரண்மனை அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளை, டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745-இல் நம் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கானில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். குளச்சலில் வென்ற அதே அரசரின் ஆட்சியில்தான் இதுவும் நடந்தது. உன் மன்றத்தில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதனால் இதைச் சொல்லாமல் தவிர்க்கலாம் என்று உனக்குத் தோன்றும். தவிர்க்காதே. நிதானமாக, நடந்ததை நடந்தபடி சொன்னால் யார் மனமும் புண்படாது. பாதியை மறைத்தால்தான் வீட்டுக்குப் போய் வேறு மாதிரி பேசுவார்கள்.

மார்த்தாண்ட வர்மரை வீரர் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதே என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அவரால் கொல்லப்பட்ட, முந்தின அரசரின் பிள்ளைகளான தம்பிமாருக்கு நாஞ்சில் நாட்டில் வில்லுப்பாட்டு இருக்கிறது, "தம்பிமார் கதை". ஜெயித்தவருக்குத் தூண், தோற்றவருக்குப் பாட்டு என்று சனங்களே பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டையும் கேட்டவனுக்குத்தான் கதை முழுதாகத் தெரியும்.

பத்மநாபபுரம் அரண்மனையைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை, நாளைக் குறிக்கும்போது மறந்துவிடாதே. அங்கே உள்ள அருங்காட்சியகத்தில் கல்வெட்டு, செப்பேடு, ஆயுதம் எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். ஆளுக்கு ஒரே ஒரு பொருள். அதன் முன்னால் பத்து நிமிஷம் நின்று நோட்டில் வரையச் சொல், செல்போனைப் பையில் வைத்துவிட்டு. வரையத் தெரியாதவன்தான் நன்றாகப் பார்ப்பான்.

வட்டக்கோட்டைக்குச் சாயங்காலம் போனால் வெயில் தணிந்திருக்கும். நுழைவு நேரம் எதுவரை என்று முந்தின வாரமே விசாரித்து வைத்துக்கொள். குளச்சலுக்குப் பிறகு டிலனாயின் மேற்பார்வையில் வலுப்படுத்திய கருங்கல் கோட்டை அது. கடலுக்குள் கால் நீட்டின மாதிரி நிற்கும். மேலே ஏறினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேற்கு மலை. காலையில் கடந்து போன ஆரல்வாய்மொழிக் கணவாய் எந்தப் பக்கம் என்று அங்கிருந்து காட்டு. அரண் எங்கிருந்து எங்கே போயிருக்கும் என்று அவர்களே விரலால் கோடு போடட்டும். கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல். அந்தக் காலத்தில் திருவிதாங்கூரில் ஊழியம் என்று கூலியில்லாத கட்டாய வேலை இருந்தது. கோட்டை கட்டினார் என்று புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கும். கல் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் உன் வேனில் இருக்கலாம்.

இப்போது மனதுக்குக் கஷ்டமான ஒரு விஷயம். உன் குழுவில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் படகேறி இந்தக் கரைக்கு வந்தவர்கள். நமக்குப் போர் என்பது புத்தகமும் தூணும். அவர்கள் வீட்டில் அது பாட்டி ராத்திரியில் சொல்லாமல் விழுங்குகிற பேச்சு. முள்ளிவாய்க்காலும் ஒரு கடற்கரைதான் மருமகனே. 2009 மே மாதம் அந்த மணல் துண்டில் நடந்ததற்கு இன்றும் ஒவ்வொரு மே 18 அன்றும் தாய்மார்கள் அங்கே வந்து விளக்கேற்றி அழுகிறார்கள். ஆகையால் நீ பயணத்துக்கு முன்பே அந்த இரண்டு பேரையும் தனியாகப் பார்த்துப் பேசு. வரச் சம்மதமா, எதுவும் பேசப் பிரியமா, பேசாமல் இருக்கப் பிரியமா என்று கேள். எல்லோர் முன்னாலும் நிறுத்தி "நீ சொல்லு" என்று கேட்டுவிடாதே. நீ எழுதியிருக்கும் "போர்க் காட்சி நடிப்பு", பட்டாசு வெடித்துப் பீரங்கி காட்டுவது, இதெல்லாம் வேண்டாம். எடுத்துவிடு. இதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

மற்றதெல்லாம் சில்லறை வேலை, ஆனால் கவனமாகச் செய். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கு. பெண் பிள்ளைகளுடன் ஓர் அக்காவோ அத்தையோ கண்டிப்பாக வர வேண்டும். கழிப்பறை எங்கெங்கே என்று முன்பே போய்ப் பார்த்து வா, பைக்கில் ஒரு நாள் போதும். பொங்கல் கழிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லது. மே மாதத்தில் கருங்கல் மேல் கால் வைக்க முடியாது. சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறு. தண்ணீர்க் கேனை வேனில் ஏற்று, பாட்டில்களாக வாங்கிக் கரையில் போடாதீர்கள். விஜயநாராயணத்துக் கடற்படை நிலையத்துக்குப் போகலாமா என்று பையன்கள் கேட்பார்கள். ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்று பெயர், ஆழத்தில் கிடக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புகிற இடம். நினைத்தபோது நுழைகிற இடம் இல்லை என்று சொல்லிவிடு.

சென்னைப் பயணம் என்று அடுத்த வருஷத்துக்குப் போட்டிருக்கிறாயே, அதற்கு ஒரு குறிப்பு மட்டும். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பலான எம்டன் குண்டு போட்டதற்கு உயர்நீதிமன்ற மதிலில் ஒரு கல் இருக்கிறது. நந்தம்பாக்கத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, 856 பேர். அந்தக் கல்லறைகளில் வயதை மட்டும் வாசித்துக்கொண்டே நடந்தால் போதும். ஆனால் அதற்கு உதயகிரியை முதலில் பார்த்திருக்க வேண்டும்.

நாளைக் குறித்ததும் எழுது. எனக்கு வேனில் ஓர் இடம் வை, முன் சீட் வேண்டாம், பிள்ளைகளோடு பின்னால் உட்காருகிறேன். பணகுடி பஸ் நிறுத்தத்தில் காலை நாலரைக்கே நிற்பேன். போகிற வழியில் தோவாளைப் பூச்சந்தையில் ஐந்து நிமிஷம் வண்டியை நிறுத்தச் சொல். இரண்டு பொட்டலம் பூ வாங்க வேண்டும். ஒன்று குளச்சல் தூணுக்கு. மற்றது உதயகிரியில் அந்தப் பையனுக்கு.

அன்புடன்,
மாமா